அரை வேர்க்கடலைச் சக்தி

தாஜியா என்ற ஊரில் மிதிவண்டி செய்யும் அந்தத் தொழிற்சாலையில் நூற்று எண்பது பேர் வேலை பார்த்தார்கள். மத்தியானம் பன்னிரண்டு மணி என்றால் அவர்களில் நூற்று எழுபத்தெட்டுப் பேருக்குச் சாப்பாடு. மீதி இரண்டு பேருக்குப் பம்ப்.

ஒருத்தி ஜிங்ரூ. சக்கரப் பிரிவில் கம்பிகளின் இறுக்கத்தைச் சரிபார்ப்பவள். ஐந்து மாதப் பெண் குழந்தை வீட்டில் மாமியாரிடம் இருந்தது. இன்னொருத்தி துயெட். வர்ணப் பிரிவு. வியட்நாமிலிருந்து கல்யாணமாகி வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. உள்ளூர்க்காரர்களே திரும்பிப் பார்க்கும்படி உள்ளூர்ப் பேச்சுப் பேசுவாள். அவளுக்கு நாலு மாத ஆண் குழந்தை. மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு தடவை, இரண்டு பேரும் மாடியில் இருக்கும் பால் அறைக்குப் போய், எதிரெதிரே உட்கார்ந்து, பம்பை மாட்டிக்கொண்டு ஊர்வம்பு பேசுவார்கள். எடுத்த பாலின் அளவை அங்கே தொங்கும் நோட்டில் எழுதிவிட்டுப் புட்டிகளைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுக் கீழே வருவார்கள். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, போட்டி வருகிற வரைக்கும்.

போட்டியைக் கொண்டுவந்தவர் தொழிற்சாலையின் நர்ஸ் லுவோ. புத்தாண்டு விருந்துகள் முடிந்ததும் எல்லோரையும் எடைமேடையில் ஏற்றிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். ஒரு வாரத்தில் அறிவிப்புப் பலகையில் காகிதம் ஒட்டப்பட்டது. ஐந்து பிரிவுகள், நாலு வாரம். ஒவ்வொருவர் கையிலும் நடையையும் தூக்கத்தையும் அளக்கும் ஒரு கடிகாரம். எந்தப் பிரிவு அதிகச் சக்தி செலவழிக்கிறதோ அந்தப் பிரிவுக்கு மாசூ அம்மன் ஊர்வலத்தின்போது, வார லீவோடு சேர்த்து, இன்னும் இரண்டு நாள் லீவு.

லீவு என்ற சொல்தான் எல்லோரையும் எழுப்பியது. ஊர்வல நாட்களில் லீவு கேட்டால் மேலாளருக்குத் திடீரென்று காது கேட்காமல் போய்விடும். வருஷா வருஷம் நடப்பதுதான். ஆகவே மறுநாளே சாப்பாட்டை ஐந்து நிமிஷத்தில் விழுங்கிவிட்டு, பிரிவு பிரிவாக ஆட்கள் தொழிற்சாலையைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார்கள். கிடங்கில் வேலை பார்க்கும் பருமனான மனிதர்கள்கூட மாடிப்படியில் ஏறி இறங்கினார்கள்.

கணக்கு வைத்துக்கொண்டது போஹெங். சோதனைப் பிரிவுக்காரன், நாற்பத்திரண்டு வயது. புது வண்டிகளை ஓட்டிப் பார்ப்பதுதான் அவன் வேலை. காலில் ஒரு மயிர்கூட இல்லாமல் மழித்துக்கொண்டு, குளிர் நாளிலும் அரைக்கால் சட்டையில் திரிவான். வண்டி மிதிப்பதற்குச் சம்பளம் வாங்குகிற பிரிவு முதலிடத்தில் இருந்ததில் யாருக்கும் ஆச்சரியமில்லை. வர்ணப் பிரிவு இரண்டாவது. சக்கரப் பிரிவு நாலாவது.

மூன்றாவது திங்கட்கிழமை காலை, வேலை தொடங்குவதற்கு முன் போஹெங் எல்லார் முன்னிலையிலும் கடிகாரக் கணக்கை வாசித்தான். சக்கரப் பிரிவுக்கு வந்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

"ஜிங்ரூ. மத்தியானம் பன்னிரண்டேகாலுக்கு இருபத்தெட்டு நிமிஷம் தூக்கம். சாயங்காலம் நாலு மணிக்கு இருபத்தஞ்சு நிமிஷம் தூக்கம். தினமும். ஒரு நாள் தவறல."

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"யோவ், அது தூக்கமில்ல!" என்றாள் ஜிங்ரூ. முகம் சிவந்துவிட்டது.

"நான் சொல்லல தாயே. கடிகாரம் சொல்லுது. 'நல்ல ஓய்வு, இப்படியே தொடருங்கள்'னு பாராட்டு வேற போட்டிருக்கு."

அவள் பிரிவுக்காரர்கள் சிரித்ததுதான் அவளைச் சுட்டது. அவர்களில் ஒருவன், "நீ நடந்தா நாம மூணாவது ஆயிருப்போம்," என்று காதருகில் சொல்லிவிட்டும் போனான்.

பம்பை மாட்டிக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பதால் கடிகாரம் ஏமாந்துவிட்டது, அவ்வளவுதான். துயெட் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவதால் தப்பித்தாள். ஆனால் நாலு மணிக்குப் பம்ப் முடிந்து எழுந்தால் மேஜையையே கடித்துத் தின்னலாம் போல அவளுக்குப் பசிக்கும். சேப்பங்கிழங்குப் பூரணம் வைத்த பலகாரம் மூன்றைத் தின்றாலும் வயிறு இன்னும் கொடு என்று கேட்கும். தூங்கி எழுந்தவளுக்கு அப்படியா பசிக்கும்? மத்தியானம் பால் அறையில் துயெட்டிடம் புலம்பித் தீர்த்தாள்.

"அளந்து காட்டச் சொல்லுக்கா," என்றாள் துயெட், தலையை நிமிர்த்தாமலே. "அவன் கிட்டதான் அந்த மூச்சு மெஷின் இருக்கே. சைக்கிள்காரனுங்க மூஞ்சில மாட்டுவானே."

ஜிங்ரூ பாலைக் குளிர்பெட்டியில் வைத்த கையோடு நேராகச் சோதனைக் கூடத்துக்குப் போனாள்.

"போஹெங் அண்ணே. உங்க முகமூடிய எனக்கு மாட்டுங்க. பம்ப் பண்ணும்போது எவ்வளவு செலவாகுதுன்னு பாத்துருவோம்."

போஹெங் கையிலிருந்த திருகாணி முடுக்கியைக் கீழே வைத்தான். கேலி செய்தாலும் அளவை என்று வந்துவிட்டால் அவன் வேறு ஆள். "பண்ணலாமே," என்றான் நிஜமான ஆவலுடன். "இது வரைக்கும் யாரும் கேட்டதில்ல. ஆனா ஒண்ணு, நம்பர் என்ன வருதோ அதுதான். அப்புறம் சண்டைக்கு வரக்கூடாது."

"நீங்க வராம இருங்க, போதும்."

புதன்கிழமை மத்தியானம் சோதனைக் கூடத்தின் ஒரு மூலையில் வண்டிகளை மூடும் பச்சைத் துணியைத் திரையாகக் கட்டினார்கள். திரைக்கு உள்ளே சாய்வு நாற்காலியில் ஜிங்ரூ, பக்கத்தில் துயெட், காவலுக்கு நர்ஸ் லுவோ. வெளியே கணினித் திரையைப் பார்த்தபடி போஹெங். முகமூடியிலிருந்து ஒரு குழாய் திரைக்கு அடியில் நுழைந்து இயந்திரத்துக்குப் போயிற்று. வெளியே விடுகிற மூச்சில் எவ்வளவு பிராணவாயு குறைந்திருக்கிறது என்று பார்த்து, உடம்பு எவ்வளவு எரிக்கிறது என்று அது சொல்லும்.

"மொதல்ல சும்மா இருக்கறப்ப எவ்வளவுன்னு தெரியணும்," என்று வெளியிலிருந்து குரல் வந்தது. "இருபது நிமிஷம் அசையாம, பேசாம, கண்ண மட்டும் தொறந்து வெச்சுக்கிட்டு உக்காரு."

ஐந்து மாதமாக ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் தூங்காதவளிடம் சொல்கிற காரியமா இது? நாலாவது நிமிஷத்தில் ஜிங்ரூவின் தலை சாய்ந்தது. ஆறாவது நிமிஷத்தில் முகமூடிக்குள்ளிருந்து குறட்டை கேட்டது.

"என்ன இது, கோடு கீழ போய்க்கிட்டே இருக்கு?" என்றான் போஹெங் கவலையுடன்.

"இப்பதாண்ணே நெஜமாவே தூங்குறாங்க," என்றாள் துயெட்.

லுவோ எழுப்பிவிட்டார். மறுபடி முதலிலிருந்து. இந்தத் தடவை துயெட் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் அவள் கால் விரலைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். ஒரு வழியாக எண் கிடைத்தது, பிறகு பம்ப்.

பம்ப் ஓடியது, பால் இறங்கவில்லை. முகமூடி மூக்கை அழுத்துகிறது, திரைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆண்பிள்ளை இருமுகிறான், எப்படி இறங்கும்? ஐந்து நிமிஷம் போயிற்று. லுவோ ஜிங்ரூவின் செல்பேசியை எடுத்து, குழந்தை கொட்டாவி விடுகிற படத்தை அவள் கண்ணுக்கு நேரே பிடித்தார். ஒரு துளி. இரண்டு துளி.

"அண்ணே," என்று துயெட் திரையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "இருமாதீங்க. மாடுகூட வெக்கப்படும்."

ஜிங்ரூவால் தாங்க முடியவில்லை. முகமூடிக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"ஐயோ! ஏறுது! ஏறுது!" என்று வெளியே போஹெங் கத்தினான். "மலையேறுற மாதிரி ஏறுது! என்னம்மா நடக்குது உள்ள?"

"சிரிப்பு!" என்றார் லுவோ.

"சிரிப்ப கழிச்சிரணுமே!"

சிரிப்பு அடங்கியதும்தான் பால் தாராளமாக இறங்கியது. அதன் பிறகு இருபத்தைந்து நிமிஷம் ஒழுங்காக அளந்தார்கள். ஜிங்ரூ சட்டையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தபோது போஹெங் தாடையைத் தடவிக்கொண்டிருந்தான். வெற்றிபெற்ற முகமாக இல்லை அது. கொஞ்சம் சங்கடப்பட்ட முகம்.

"சும்மா உக்காந்திருந்ததவிட மூணு கலோரி கூட."

"நிமிஷத்துக்கா?"

"மொத்தமா."

ஜிங்ரூ கணினித் திரையைப் பார்த்தாள். இரண்டு கோடுகளும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தன, ஒரே பாயில் இரண்டு பேர் மாதிரி.

"மூணு கலோரின்னா எவ்வளவு?" என்றாள் துயெட்.

போஹெங் யோசித்தான். "அரை வேர்க்கடலை."

சாயங்காலத்துக்குள் தொழிற்சாலை முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாள் காலை ஜிங்ரூவின் வேலைமேஜை மேல் ஒரு வேர்க்கடலையைப் பாதியாக உடைத்து, ஒரு பருப்பை மட்டும் வெள்ளைக் காகிதத்தில் யாரோ வைத்திருந்தார்கள். கிடங்குக்காரர்கள் அவளைப் பார்த்ததும், "அரைக்கடலை வருது, வழி விடுங்க," என்றார்கள். அவள் அந்தப் பருப்பை எல்லார் கண் முன்னாலும் வாயில் போட்டு மென்றாள். ஆனால் உள்ளுக்குள் வலித்தது. அளக்கச் சொன்னது அவள்தான். இயந்திரம் பொய் சொல்லவில்லை. அப்படியானால் அந்தப் பசி? சும்மா தீனி ஆசைதானா? சாயங்காலம் பலகாரத்தை ஒன்றோடு நிறுத்திக்கொண்டாள். கைகால் வெடவெடத்தது.

"என்னக்கா மூஞ்சி வெளுத்துப் போச்சு?" என்று கேட்ட துயெட், விஷயம் தெரிந்ததும் தன் கையிலிருந்த புட்டியை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். "இது எங்கேர்ந்து வந்துச்சு?"

"எது?"

"இந்தப் பால். அவன் மெஷின் மூச்சத்தான் அளந்துச்சு. பால் மூக்கு வழியாவா போச்சு? தொட்டியில ஓட்ட இருக்கான்னு கரண்டு மீட்டரப் பாத்தா தெரியுமா?"

ஜிங்ரூ அவள் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள்.

இரண்டு பேரும் நர்ஸ் லுவோவிடம் ஓடினார்கள். லுவோ இந்தத் தொழிற்சாலைக்கு வருவதற்கு முன் பதினோரு வருஷம் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் இருந்தவர். சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அங்க குறைமாசக் குழந்தைங்களுக்காகப் பால அளப்போம். மெல்லிசான கண்ணாடிக் குழாயில கொஞ்சம் பால் எடுத்து, வேகமாச் சுத்தவிட்டா கொழுப்பு தனியா ஒதுங்கும். அது எத்தனை உயரம்னு பாத்தா எவ்வளவு சக்தின்னு ஏறக்குறையச் சொல்லிரலாம். குழாய் எங்கிட்ட இருக்கு. சுத்தற மெஷின்தான் இல்ல."

"சுத்தறதுக்கா பஞ்சம்?" என்றாள் ஜிங்ரூ. "லுவோ அக்கா, நான் எந்தப் பிரிவு?"

வெள்ளிக்கிழமை மத்தியானம் சக்கரப் பிரிவில் கூடிய கூட்டம் மேலாளர் வந்தால்கூடக் கூடாது. சக்கரங்களை வேகமாகச் சுழற்றிப் பார்க்கும் மேடையில் ஜிங்ரூ தன் கையால் இறுக்கம் பார்த்த சக்கரம் ஒன்றை மாட்டினாள். கம்பிகளோடு சேர்த்து, பால் நிரப்பிய ஆறு கண்ணாடிக் குழாய்களை ஒட்டுநாடாவால் கட்டினாள். மூன்று அவளுடையவை, மூன்று துயெட்டுடையவை. இரண்டு பக்கமும் எடை சமமாக இருக்கிறதா என்று சுண்டிவிட்டுப் பார்த்தாள். போஹெங்கும் வந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முன்வரிசையில் நின்றான்.

"தள்ளி நில்லுங்கண்ணே."

"கிட்டப் பாத்தாத்தான் தெரியும்."

மேடை உறுமியது. சக்கரம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுழன்றது. பத்தாவது நிமிஷம் 'டிக்' என்று ஒரு சத்தம். ஒரு குழாய் நழுவிப் பறந்து தூணில் மோதி உடைந்தது. அதிலிருந்த பால் போஹெங்கின் மூக்குக்கண்ணாடியில் அழகாகக் கோடு போட்டது. போஹெங் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தான்.

"யாரோடது?" என்றான்.

"என்னோடது," என்றாள் துயெட். "செலவில எழுதிக்குங்க."

கூட்டம் சிரித்து ஓய்வதற்குள் ஜிங்ரூ மேடையை நிறுத்தி, எதிர்ப்பக்கக் குழாயையும் கழற்றிவிட்டு, மீதி நாலையும் இன்னொரு சுற்று ஒட்டுநாடா போட்டு இறுக்கினாள். ஒரு மணி நேரம் ஓடியது. நின்றபோது ஒவ்வொரு குழாயிலும் ஒரு நுனியில் வெண்ணெய் நிறத்தில் சின்னத் தொப்பி ஒன்று ஒதுங்கியிருந்தது. லுவோ பூதக்கண்ணாடியையும் அளவுகோலையும் வைத்துக்கொண்டு நெடுநேரம் குனிந்திருந்தார்.

"ஆஸ்பத்திரி மெஷின் மாதிரி துல்லியம்னு சொல்லமாட்டேன். ஆனா ரொம்பத் தப்பாவும் இருக்காது. ஜிங்ரூவோடது நூறு மில்லிக்கு அறுபத்தெட்டு கலோரி. துயெட்டோடது எழுபத்தஞ்சு. அதோட, பால உண்டாக்கவே உடம்புக்குத் தனியாச் செலவு. கால் பங்கு சேத்துக்கலாம்."

ஜிங்ரூ ஒரு நாளைக்குத் தொழிற்சாலையில் எடுக்கிற பால் முந்நூற்று இருபது மில்லி. போஹெங் மனக்கணக்குப் போட்டான். உதடு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது.

"இருநூத்து எழுபது," என்றான் மெதுவாக. "நான் மத்தியானம் நாப்பது நிமிஷம் வேர்க்க வேர்க்க மிதிக்கறது கிட்டத்தட்ட அவ்வளவுதான்."

"உக்காந்த எடத்துல!" என்று சக்கரப் பிரிவிலிருந்து ஒருவன் கூவினான். நேற்று வரைக்கும் அரைக்கடலை என்று கூப்பிட்டவன்தான்.

ஆனால் போஹெங் விடவில்லை. "ஒரு சந்தேகம். எரிச்சாத்தானே போட்டியில சேரும்? இது எரிக்கலையே, குடுத்ததுதானே? குழந்தை வயித்துலதானே எரியப்போகுது?"

நியாயமான கேள்விதான்.

"எரிச்சா என்ன, குடுத்தா என்ன?" என்றாள் ஜிங்ரூ. "எங்கிட்ட இருந்து போச்சா இல்லையா? பசி எனக்குத்தானே வருது?"

"விதின்னு ஒண்ணு இருக்குல்ல?"

லுவோ எழுந்து அறிவிப்புப் பலகைக்குப் போனார். கூட்டம் பின்னாலேயே போயிற்று. 'அதிகச் சக்தி செலவழிக்கும் பிரிவு' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. செலவழிக்கும். எரிக்கும் என்று இல்லை.

"இத எழுதுனது யாரு?" என்று கேட்டார் லுவோ.

போஹெங் காதைச் சொறிந்தான். "நாந்தான்." ஜிங்ரூவின் பக்கம் திரும்பினான். இது சேர்ந்தால் தன் பிரிவின் முதலிடம் ஆடிப்போகும் என்று அவனுக்கு அந்த நேரத்தில் தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும், "சேத்துருவோம்," என்றான். "நம்பர் என்ன வருதோ அதுதான்னு சொன்னேன்ல."

பால் அறை நோட்டில் முதல் நாளிலிருந்தே எல்லா அளவும் இருந்தது. கடைசித் திங்கட்கிழமை காலை போஹெங் முடிவை வாசித்தான். சக்கரப் பிரிவு நாலாவது இடத்திலிருந்து ஏறியிருந்தது. ஜிங்ரூவின் ஆட்கள் அவள் தோளைப் பிடித்து ஆட்டினார்கள். சோதனைப் பிரிவு மூன்றாவது என்று அவன் படித்தபோது மேஜையைத் தட்டினார்கள். அடுத்து, "ரெண்டாவது, சக்கரம்," என்றான்.

தட்டிய கைகள் நின்றன.

"மொதல் எடம், வர்ணம். துயெட் ஒருத்தியே ஒரு நாளைக்கு நானூத்து எழுபது."

எல்லோரும் துயெட்டைப் பார்த்தார்கள். துயெட் ஜிங்ரூவைப் பார்த்தாள். வாய் பிளந்திருந்தது. ஐந்நூறு மில்லி எடுக்கிறவளுக்கு முன்னால் முந்நூற்று இருபது எம்மாத்திரம் என்று, இத்தனை அமர்க்களத்திலும் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

"அக்கா, சத்தியமா நான் இத நெனச்சு சொல்லல."

"தெரியும்டி," என்றாள் ஜிங்ரூ. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றவளுக்குக் கடைசியில் சிரிப்புத்தான் வந்தது. "மாட்டுத் தொழுவத்தையே முழுங்கிட்டு வந்திருக்கா பாரு!"

ஊர்வலம் வெள்ளி இரவு கோயிலிலிருந்து புறப்பட்டது. சனிக்கிழமை வார லீவு. காலை எட்டு மணிக்கு ஜிங்ரூ வீட்டில் குழந்தைக்குக் கால்சட்டை மாற்றிக்கொண்டிருந்தபோது செல்பேசி அடித்தது.

"அக்கா!" துயெட்டின் குரலுக்குப் பின்னால் பட்டாசும் மேளமுமாக இருந்தது. "சாலூ வரைக்கும் நடந்துட்டேன். பம்பு செத்துப் போச்சு. கூட்டத்துல யாரோ இடிச்சுக் கீழ விழுந்துருச்சு. நெஞ்சு கல்லாட்டம் இருக்கு. அங்க பயலுக்கும் எடுத்து வெச்ச பால் தீந்துருச்சாம், அவங்கப்பா ரெண்டு தடவ போன் பண்ணிட்டாரு. பஸ்ஸும் கெடையாது, ரோடெல்லாம் ஜனம்."

"எங்க நிக்கிற?"

"நூடுல்ஸ் சும்மா குடுக்கற கொட்டாய்ல."

ஜிங்ரூ குழந்தையை மாமியாரிடம் கொடுத்தாள். தன் பம்பையும் சுத்தம் செய்த புட்டிகளையும் பனிக்கட்டிப் பையில் போட்டு ஸ்கூட்டரை எடுத்தாள். சந்து சந்தாகப் புகுந்து, வெடித்த பட்டாசுக் காகிதம் கணுக்கால் வரை கிடந்த தெருக்களில் வண்டியைத் தள்ளிக்கொண்டு, ஒரு வழியாகக் கொட்டகையைப் பிடித்தாள். சமைத்துக்கொண்டிருந்த பெண்கள் விஷயம் புரிந்ததும் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் இடம் ஒதுக்கி, மேஜை விரிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். துயெட் பம்பை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். "அம்மாடி!" என்று ஒரு பெருமூச்சு விட்டாள். கொட்டகைக்காரி ஒருத்தி இரண்டு கிண்ணம் நூடுல்ஸ் கொண்டுவந்து கொடுத்தாள். ஜிங்ரூ தன்னுடையதை முடித்துவிட்டு நிமிர்ந்தபோது துயெட்டின் கிண்ணமும் காலியாக இருந்தது.

"நீ போ, ஊர்வலம் நகந்துருச்சு," என்றாள் ஜிங்ரூ. "பால நான் குடுத்துர்றேன். பம்ப நீயே வெச்சுக்க, நாளைக்கு வரைக்கும் எம்பொண்ணே எனக்குப் பம்பு."

"எனக்காகவும் வேண்டிக்கிட்டு வரேன்க்கா."

"ஒனக்காகவா? எனக்காக வேண்டிக்க. ஒனக்கு வர்றதுல பாதியாவது எனக்கு வரணும்னு."

திரும்பும் வழியில் தடுப்பு போட்டிருந்த போலீஸ்காரர் ஸ்கூட்டரை நிறுத்தினார். "இந்தப் பக்கம் வண்டி கெடையாது. பையில என்ன?"

"பால். அஞ்சு மாசக் குழந்தைக்கு. காத்திட்டிருக்கான்."

அவர் பையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தடுப்பை இழுத்து வழிவிட்டார்.

துயெட்டின் வீட்டு வாசலில் அவள் புருஷன் வீறிட்டழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னும் பின்னுமாக நடந்துகொண்டிருந்தான். தலைமுடி எட்டுத் திசையிலும் நின்றது. ஜிங்ரூ உள்ளே போய், வெந்நீரில் புட்டியைச் சூடுகாட்டி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள். பயல் இரண்டு கையாலும் புட்டியைப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், வழியும் வாயோடு மடமடவென்று குடித்தான். அப்பனும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, புட்டியில் அளவு இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.